துப்பறியும் நாடகமும் தோட்டத்துச் சமுதாயமும்

மனிதன் கூடி வாழத் தொடங்கிய நாள்முதல் குற்றமும் அவனைத் தொடர்ந்தே வந்திருக்கிறது. குற்றம் உள்ள இடத்தில் வழக்கு உண்டு. வழக்கு உள்ள இடத்தில் கதையும் உண்டு. ஆகவே, குற்றத்தைப் பற்றிய கதைகளை மக்கள் விரும்பிக் கேட்பதிலும் காண்பதிலும் வியப்பேதும் இல்லை. வியப்பிற்குரியது வேறொன்று. துப்பாக்கிச் சூடும் வாகனத் துரத்தலும் மலிந்த படங்களுக்கிடையே, குரலை உயர்த்தாத சில தொலைக்காட்சி நாடகங்களும் உலகெங்கும் நிலைத்த பார்வையாளரைப் பெற்றுள்ளன. அவற்றில் ஒரு காவல் அதிகாரி வீடு வீடாகச் சென்று கேள்வி கேட்கிறார், ஏட்டில் குறித்துக்கொள்கிறார், தவறான முடிவுக்கு வருகிறார், மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார். இவ்வளவே கதை. இத்தகைய அடக்கமான, உண்மையொத்த நாடகங்கள் மக்கள் உள்ளத்தைப் பிணிப்பதற்குக் காரணம் யாது? நம் சமுதாயத்திற்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பு யாது? இவ்விரு வினாக்களுக்கும் வரலாற்றின் துணைகொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காப்பியம் காட்டும் பாடம்

தமிழருக்கு இப்பொருள் புதியதன்று. நம் முதற்காப்பியமாகிய சிலப்பதிகாரத்தின் நடுவே நிற்பது ஒரு திருட்டு வழக்கு. அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன், விற்க வந்த கோவலன்மீது பழியைச் சுமத்துகிறான். அரசியின் ஊடலைத் தணிக்க விரைந்துகொண்டிருந்த பாண்டியன், சாட்சியைக் கேளாமல், குற்றம் சாட்டப்பட்டவன் முகத்தையும் பாராமல் ஆணையிட்டு விடுகிறான். கொலைக்களக் காதையில் ஊர்காவலர் தயங்கி நிற்கும் இடம் ஊன்றிப் படிக்கத்தக்கது. இவனைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லையே என்று அவர்கள் ஐயுறுகின்றனர். பொற்கொல்லனோ, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர் துணைகள் எட்டினையும் அடுக்கிக் கூறி அவர்தம் ஐயத்தை அடக்கிவிடுகிறான். இறுதியில், அறிவற்ற குடிகாரன் ஒருவனின் வாள் வீழ்கிறது.

பின்னர் வழக்குரை காதையில் கண்ணகி செய்வது என்ன? அழுது மட்டும் நிற்கவில்லை, சான்று காட்டுகிறாள். அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். சிலம்பை உடைத்தவுடன் உண்மை வெளிப்படுகிறது. கோவலன் உயிரோடு இருந்தபோதே இச்சோதனையைச் செய்திருந்தால் மதுரை எரிந்திராது. விசாரணையற்ற தீர்ப்பே திருட்டினும் பெருங்குற்றம் என்பதை இளங்கோவடிகள் இவ்வாறு நிலைநாட்டினார். செங்கோன்மை அதிகாரத்தைத் தொடங்கும் வள்ளுவரும் ஆராய்தலையே முதற்கண் வைத்தார். குற்றக் கதையின் உயிர்நாடி குற்றம் அன்று, விசாரணையே என்னும் உண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர் எனலாம்.

துப்பறியும் கதையின் வருகை

உரைநடை வளர்ந்த 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், மேலைநாட்டுத் துப்பறியும் கதை தமிழுக்கு வந்தது. பண்டித நடேச சாஸ்திரியார் 1894-இல் 'தானவன்' என்னும் போலீஸ் நிபுணனைத் தமிழ் வாசகருக்கு அறிமுகம் செய்தார். அவரைத் தொடர்ந்து ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் மர்ம நாவல்களை எழுதிக் குவித்தனர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908-இல் வெளிவந்து பல பதிப்புகளைக் கண்டது. பின்னாளில் தமிழ்வாணனின் சங்கர்லாலும், சுஜாதாவின் கணேஷ், வசந்த் இருவரும் வீட்டுப் பெயர்களாயினர். கடல் கடந்து மலாயாவிற்கு வந்த தமிழ்ப் புத்தகக் கட்டுகளில் பக்தி நூல்களோடு இம்மர்ம நாவல்களும் இருந்தன. ஒருவர் உரக்கப் படிக்க, லயத்து வாசலில் பலர் அமர்ந்து கேட்ட காலம் அது.

எனினும் இக்கதைகளுள் பெரும்பாலானவை அறிவுக்கூர்மையின் விளையாட்டுகளே. துப்பறிபவன் மாவீரன், குற்றவாளி கொடியவன், இடையில் நிற்கும் சாதாரண மக்கள் வெறும் பொம்மைகள். கொலையுண்டவனின் தாய் மறுநாள் காலையில் எவ்வாறு எழுந்திருப்பாள் என்று கேட்க அக்கதைகளுக்கு நேரமில்லை. அக்கேள்வியைக் கேட்கத் துணிந்தது பின்னர் வந்த வேறு வகை எழுத்தும், அதனைப் பின்பற்றிய சின்னத்திரையும் ஆகும்.

சின்னத்திரையில் மாற்றம்

பெல்ஜியத்தில் பிறந்த ஜார்ஜ் சிமெனான் 1931 முதல் நூலாக வெளியிட்ட மெக்ரே கதைகளில் இம்மாற்றத்தின் தொடக்கத்தைக் காணலாம். பாரிஸ் நகரக் காவல் அதிகாரியான மெக்ரே, காலடித் தடத்தைப் பூதக்கண்ணாடியால் பார்ப்பவர் அல்லர். புகைக்குழாயை வாயில் வைத்துக்கொண்டு, சிற்றுண்டிச் சாலையில் அமர்ந்து, மக்கள் பேசுவதைக் கேட்பவர். கொன்றவன் யார் என்பதைக் காட்டிலும், அவனை அந்நிலைக்குத் தள்ளியது எது என்பதே அவருடைய கேள்வி. பிபிசி நிறுவனம் 1960 முதல் 1963 வரை மெக்ரேயைத் தொலைக்காட்சித் தொடராக்கியது.

அமெரிக்காவில் 1949-இல் வானொலியிலும் 1951-இல் தொலைக்காட்சியிலும் தொடங்கிய 'டிராக்நெட்', லாஸ் ஏஞ்சலிஸ் காவல் துறையின் உண்மை வழக்குகளைத் தழுவி, அலங்காரமற்ற உரையாடலால் புதுவழி கண்டது. இங்கிலாந்தில் 1955-இல் தொடங்கிய 'டிக்சன் ஆஃப் டாக் கிரீன்' காவலரை ஊர்ப் பெரியவர்போல் காட்டியது. 1962-இல் வந்த 'இசட் கார்ஸ்' அத்திரையைக் கிழித்தது. லிவர்பூல் பக்கத்துப் புதிய தொழிலாளர் குடியிருப்புகளின் சாயலில் அமைந்த கற்பனை ஊரில், காவலரும் சினமும் சோர்வும் குடும்பச் சண்டையும் உள்ள மனிதரே என்று அத்தொடர் காட்டியது. பழைய ஊர் கலைந்து மக்கள் புதிய குடியிருப்புகளுக்குப் பெயர்க்கப்பட்ட சூழலில்தான் அந்நாடகம் பிறந்தது. இக்குறிப்பை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பேராக் தோட்டங்களைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் பயன்படும்.

இந்தியாவில், சரதிந்து பந்தோபாத்யாய வங்கமொழியில் படைத்த பியோம்கேஷ் பக்ஷியைப் பாசு சாட்டர்ஜி 1993-இல் தூர்தர்ஷனில் தொடராக்கினார். பியோம்கேஷ் தம்மைத் துப்பறிபவர் என்று அழைத்துக்கொள்ள விரும்பாதவர். 'சத்தியான்வேஷி', அதாவது உண்மையைத் தேடுபவர் என்பதே அவர் ஏற்றுக்கொண்ட பெயர். இவ்வகை நாடகங்கள் அனைத்திற்கும் பொருந்தும் பெயர் அதுவேயாகும்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் தொடங்கியது. தோட்டங்களில் மின்னாக்கி குறிப்பிட்ட நேரத்தோடு நின்றுவிடும் காலத்தில், மின்கலத்தில் இயங்கிய கருப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்த வீடே அந்த லயத்தின் திரையரங்காக விளங்கியது. அயல்நாட்டுத் துப்பறியும் தொடர்களை, மொழி முழுதும் விளங்காவிடினும், முகங்களைப் படித்தே நம்மவர் கண்டுகளித்தனர். 1996-இல் ஆஸ்ட்ரோ வந்தபின் தமிழ் ஒளிவழி வீட்டிற்கே வந்தது. அண்டை நாடாகிய சிங்கப்பூரில் 2008-இல் தனி ஒளிவழியான வசந்தம், அடுத்த பத்தாண்டில் 'வேட்டை' என்னும் காவல் துறைத் தொடரைத் தமிழில் வழங்கியது. ஆங்கிலத்தில் மட்டுமே கண்ட கதைவகை, தமிழ் பேசும் காவலரோடு நம் வட்டாரத்திலேயே உருவாயிற்று.

அடக்கத்தின் ஆற்றல்

அடக்கமான நாடகத்தின் கவர்ச்சி எதில் உள்ளது? மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, காட்டாமல் விடுவதன் வலிமை. 2012-இல் தில்லியில் நிகழ்ந்த கொடுஞ்செயலின் விசாரணையைக் கூறும் 'தில்லி கிரைம்' என்னும் தொடர் 2019-இல் வெளிவந்தது. இயக்குநர் ரிச்சி மேத்தா அக்கொடுமையைத் திரையில் நடித்துக் காட்ட மறுத்துவிட்டார். கேட்டவரின் முகம் வழியாகவே அது நமக்குத் தெரியவருகிறது. 2020-இல் அத்தொடர் அனைத்துலக எம்மி விருது பெற்றது. தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் மருட்கையையும் மட்டுமே நம்பி வாழ்வன ஆரவாரப் படங்கள். அடக்கமான நாடகமோ அழுகையையும் இளிவரலையும் தட்டி எழுப்புகிறது. அச்சம் திரை அணைந்ததும் அகலும். இரக்கம் வீட்டிற்கு வந்து நம்மோடு தங்கும்.

இரண்டாவது, காலத்தை மதிக்கும் பண்பு. உண்மை வழக்கு ஓரிரவில் முடிவதில்லை. சாட்சி மறந்துபோகிறார், ஆவணம் காணாமற் போகிறது, மேலதிகாரி அவசரப்படுத்துகிறார். இத்தடைகளை மறைக்காத நாடகத்தை நாம் நம்புகிறோம்.

மூன்றாவது, முதன்மையானது, ஐயத்தைக் கற்பிக்கும் திறன். முதற்பகுதியில் இவனே குற்றவாளி என்று நாம் முடிவு கட்டுகிறோம். மூன்றாம் பகுதியில் அவன் குற்றமற்றவன் என அறிகிறோம். அப்போது வெட்கப்பட வேண்டியவர் காவலர் மட்டுமல்லர், நாமும்தாம். அவன் ஏழை, முரடன், முன்பொரு முறை சிறை சென்றவன் என்பதற்காகவே நாம் அவனைக் குற்றவாளி ஆக்கினோம். பொற்கொல்லனின் எட்டுத் துணைகளைக் கேட்டு மயங்கிய ஊர்காவலரின் இடத்தில் நம்மை நிறுத்திவைத்து, தவறுணர்த்தி, திருத்தி அனுப்புகிறது நல்ல நாடகம்.

பேராக் தோட்டங்களின் கதை

இனி நம் மண்ணிற்கு வருவோம். பேராக் வரலாற்றிற்குக் குண்டர் குழுக்கள் புதியன அல்ல. 1861 முதல் 1874 வரை லாருட் ஈயச் சுரங்கப் பகுதியில் கீ ஹின், ஹாய் சான் என்னும் இரு சீன இரகசியச் சங்கங்கள் மோதிக்கொண்டன. அம்மோதல் 1874-ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கைக்கு வழிவகுத்த காரணங்களுள் ஒன்றாயிற்று. உறவும் காப்பும் இன்றி அந்நிய மண்ணில் நின்ற தொழிலாளிக்கு அத்தகைய சங்கங்கள் வேலை தேடித் தந்தன; பகைவரிடமிருந்து காத்தன; இறந்தால் அடக்கமும் செய்தன. காப்பற்ற மக்கள் காப்பைத் தேடும் இடத்தில் குழு தோன்றும் என்பது வரலாறு காட்டும் உண்மை.

நம்மவர்க்கு அக்காப்பைத் தந்தது தோட்டம். சுங்கை சிப்புட், கோலகங்சார், தாப்பா, தெலுக் இந்தான், பாகான் செராய் வட்டாரங்களில் இருந்த ரப்பர் தோட்டங்களில் வாழ்க்கை வறியதே, கூலி குறைவே, ஆயினும் கோயில், தமிழ்ப்பள்ளி, பெரட்டுக்களம், லயம் என ஒரு கட்டுக்கோப்பு இருந்தது. பால்வெட்டச் சென்ற தாய் திரும்பும்வரை பிள்ளையைக் கவனிக்க ஆயாக்கொட்டகை இருந்தது. எந்தப் பையன் எங்கே சுற்றுகிறான் என்பதைத் தோட்டமே அறிந்திருந்தது.

விடுதலைக்குப் பின் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதனைத் தடுக்கும் முயற்சியாக, சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தரான துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். அது பெருமுயற்சி; எனினும் அனைவரையும் காக்க அதனால் இயலவில்லை. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. 1980-களிலும் 1990-களிலும் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். கோயிலையும் பள்ளியையும் விட்டுவிட்டு, குடும்பங்கள் நகர ஓரத்துப் புறம்போக்குக் குடியிருப்புகளையும் மலிவு விலை அடுக்கு வீடுகளையும் நாடிச் சென்றன. ஈப்போவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் அவ்வாறு வந்து குடியேறியோர் பலர். உழைத்து முன்னேறியோரே அவர்களுள் மிகுதி. ஆயினும், தாயும் தந்தையும் தொழிற்சாலைக்குச் சென்ற வீட்டில், பள்ளி முடிந்து வந்த பையனைப் பார்க்க ஆளில்லை. பார்க்க ஆள் இருந்த இடம் தெருமுனையாயிற்று.

2013-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் உள்துறை அமைச்சு 49 குழுக்களைச் சட்டவிரோதமானவை என்று அறிவித்தது. அவற்றின் உறுப்பினர் எனக் கூறப்பட்ட 40,313 பேரில் நூற்றுக்கு ஏறத்தாழ 71 பேர் இந்தியர் என்றும் கணக்குக் காட்டப்பட்டது. நாட்டின் மக்கள் தொகையில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவான ஓர் இனத்திற்கு இஃது எத்துணைப் பெரிய துயரம்! ஆனால் எண்ணிக்கை ஒரு செய்தியே அன்றித் தீர்ப்பு அன்று. இவர்கள் எங்கிருந்து வந்தனர், எப்போது வீடிழந்தனர், எந்த வகுப்பில் பள்ளியை விட்டனர் என்னும் கேள்விகளை அடுத்துக் கேட்பதே விசாரணை. கேளாது விடுவோமாயின், முகம் பாராது ஆணையிட்ட பாண்டியனுக்கும் நமக்கும் வேறுபாடு என்ன?

'ஜகாட்' கேட்ட கேள்வி

அக்கேள்வியைக் கலைவடிவில் கேட்டது சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 'ஜகாட்' என்னும் மலேசியத் தமிழ்த் திரைப்படம். இது தொலைக்காட்சித் தொடர் அன்று. எனினும் அடக்கமான குற்றக் கதையின் இலக்கணம் முழுவதும் இதில் பொருந்தியுள்ளமையால் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. தோட்டம் கலைந்தபின் புறம்போக்கில் வாழும் ஒரு குடும்பம், 1990-களின் தொடக்கம், அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். தந்தை அவனைப் படிக்கச் சொல்லி அடிக்கிறார். உறவினருள் ஒருவன் போதையால் சீரழிந்தவன். மற்றொருவன் குண்டர் கும்பலைச் சேர்ந்தவன். துடுக்கும் கற்பனையும் நிறைந்த அச்சிறுவன் எந்தப் பக்கம் சாய்வான் என்பதே கதை.

'ஜகாட்' என்னும் சொல்லே நம் பேச்சில் பிறந்தது. மலாய்மொழியின் 'ஜாஹாட்' என்னும் சொல் நம்மவர் நாவில் திரிந்து இவ்வாறாயிற்று. கெட்டவன் என்பது பொருள். குறும்பு செய்யும் பிள்ளையை நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் எத்துணை எளிதாக இச்சொல்லால் அழைத்து விடுகிறோம்! அப்பெயரைத் தலைப்பாக வைத்து, கெட்டவன் என்று யாரைச் சொல்கிறோம், எவ்வளவு விரைவில் சொல்கிறோம் என்று இப்படம் நம்மையே விசாரிக்கிறது. 2016-இல் நடைபெற்ற 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், மொழிவாரியாகப் படங்களைப் பிரித்த விருதுமுறை எதிர்ப்பிற்குள்ளாகி மாற்றப்பட்டது. அதன்பின் சிறந்த மலேசியத் திரைப்படமாக 'ஜகாட்' தெரிவு செய்யப்பட்டது. தோட்டத்துத் தமிழரின் கதை நாட்டின் கதையாக ஏற்கப்பட்ட நாள் அது என்பதில் ஐயமில்லை.

தமிழகத்தின் அண்மைப் படைப்புகள்

2022-இல் இணையவழியே வெளிவந்த இரு தமிழ்த் தொடர்களையும் கருதுதல் வேண்டும். புஷ்கர், காயத்ரி இருவரும் எழுதிய 'சுழல்', சாம்பலூர் என்னும் கற்பனை ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழாவின் பின்னணியில் நிகழ்கிறது. சிமெண்டு ஆலை எரிகிறது. அதே இரவில் ஒரு பெண்பிள்ளை காணாமற் போகிறாள். ஐயம் ஒருவர்மீதிருந்து மற்றொருவர்மீது மாறிக்கொண்டே செல்கிறது. வெளியே தேடிய குற்றத்தின் வேர் இறுதியில் வீட்டிற்குள்ளேயே கிடைக்கிறது. பிரசாந்த் பாண்டியராஜின் 'விலங்கு', திருச்சி வட்டாரத்துக் காவல் நிலையம் ஒன்றின் அன்றாட வாழ்வைக் கண்முன் நிறுத்துகிறது.

இவற்றிலும் குறைகள் உண்டு. 'சுழல்' சில இடங்களில் திருப்பங்களுக்காகவே திரும்புகிறது. 'விலங்கு' காவல் நிலையத்து அடிஉதையை இயல்பான ஒன்றாகக் காட்டிச் செல்கிறது. அடியால் பெற்ற வாக்குமூலம் உண்மைக்குச் சான்றாகாது என்பதை 'லாக்கப்' என்னும் தம் நூலால் உணர்த்தியவர் மு. சந்திரகுமார், அதனைத் தழுவியதே வெற்றிமாறனின் 'விசாரணை'. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். உண்மையைக் காட்டுதல் வேறு. உண்மைக்கு உடன்படுதல் வேறு.

ஆசிரியர் கடமை

இத்தொடர்கள் வளர்ந்தோர்க்கு உரியவை. வகுப்பறையில் திரையிடத்தக்கன அல்ல. ஆயினும் அவற்றின் முறையை வகுப்பிற்குக் கொண்டுவரலாம். கொலைக்களக் காதையை நடத்தும்போது, மாணவரை விசாரணை அதிகாரிகளாக்குக. சிலம்பைக் கண்டவர் யார்? சொன்னவர் யார்? அவருக்கு ஆதாயம் என்ன? அரசன் கேட்டிருக்க வேண்டிய மூன்று கேள்விகள் யாவை? பதவுரை ஒப்பிக்கும் மாணவன் அன்று சிந்திக்கத் தொடங்குவான். காப்பியமும் அவனுக்கு உயிருள்ள வழக்காகும்.

அதனினும் முதன்மையான கடமை ஒன்றுண்டு. வகுப்பில் ஒரு பணப்பை காணாமற் போகிறது. நாற்பது கண்கள் ஒரு பையன் பக்கம் திரும்புகின்றன. அவன் தந்தை சிறையில் இருக்கலாம். அண்ணன் கும்பலில் இருக்கலாம். அவ்வேளையில் ஆசிரியர் கண்ணும் அப்பக்கமே திரும்புமாயின், அம்மாணவன் அன்றே தீர்ப்பைப் பெற்றுக்கொள்கிறான். அத்தீர்ப்பை மெய்ப்பிக்கவே பின்னர் வாழத் தொடங்குகிறான். அவனைத் தேடித் தெருமுனையில் நிற்பவர்கள் ஒரு கேள்வியும் கேளாமல் ஏற்றுக்கொள்வார்கள் என்பதை நாம் மறத்தலாகாது. நாம் அவனை ஏற்பதற்கு முன் எத்தனை சான்று கேட்கிறோம்?

அடக்கமான குற்ற நாடகத்தை உலகம் விரும்புவதற்குக் காரணம், தனக்கு நேரும்போது யாரேனும் ஒருவர் பொறுமையாகக் கேட்டறிய வேண்டும் என்னும் ஏக்கம் ஒவ்வொரு மனிதனுக்கும் உண்டு என்பதேயாகும். தோட்டமிழந்து, இடமிழந்து, பெயரும் கெட்டு நின்ற ஒரு சமுதாயத்திற்கு அவ்வேக்கம் சற்று மிகுதி. திரையில் வரும் காவல் அதிகாரி ஓர் ஏழைவீட்டு வாசலில் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்கும்போது நம் நெஞ்சு நெகிழ்வது அதனால்தான். அக்கேள்வியை நம் பிள்ளைகளிடம் முதலில் கேட்பவர் காவலராக இருத்தல் கூடாது. ஆசிரியராக இருத்தல் வேண்டும்.